கலக்காதே!

பொங்கலுக்கு முன்னால் வீட்டைக் கழுவுவது தமிழ்நாட்டில் ஒரு பெரிய வேலை. வெள்ளையடித்து, பரண் சாமான்களை இறக்கி, பாத்திரங்களைத் தேய்த்து முடித்தால் கடைசியில் மிச்சம் நிற்பது பாத்ரூம். போர் தண்ணீரின் உப்புக்கறை தரையில் ஏடு ஏடாகப் படிந்திருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் போகாது. மளிகைக் கடையில் ஆசிட் பாட்டில் கிடைக்கும். ஊற்றினால் நுரைத்துக்கொண்டு கறை கிளம்பும். அப்படியும் நாற்றம் போகவில்லை என்றால், மழைக்காலத்தில் சாக்கடை ஓரம் தூவிய பிளீச்சிங் பவுடர் ஒரு கவரில் மிச்சம் இருக்கும். "ரெண்டையும் சேர்த்துப் போட்டா இன்னும் பளிச்சுன்னு ஆகும்" என்று தோன்றுவது ரொம்ப இயல்பு.

அந்த இயல்பான எண்ணம்தான் இங்கே விஷயம். ஏனென்றால் அடுத்த அரை நிமிடத்தில் கண் எரியும், தொண்டை அடைக்கும், இருமல் நிற்காமல் வரும். பெரும்பாலானவர்கள் இதை "ஆசிட் நெடி" என்று நினைத்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு தொடர்ந்து தேய்க்கிறார்கள். வேலையைப் பாதியில் விடக்கூடாது அல்லவா! ஆனால் அது வெறும் ஆசிட் நெடி இல்லை. அது குளோரின் வாயு. முதல் உலகப் போரில் ராணுவ வீரர்களைக் கொல்லப் பயன்படுத்திய அதே வாயு.

மிகைப்படுத்திச் சொல்வது போலத் தெரியலாம். கொஞ்சம் விவரமாகப் பார்த்தால் அப்படி இல்லை என்பது புரியும்.

பூட்டி வைத்த வாயு

1774ல் ஸ்வீடனைச் சேர்ந்த கார்ல் வில்ஹெல்ம் ஷீலே என்ற மருந்தாளுநர் முதன்முதலில் குளோரினைத் தயாரித்தார். அது ஒரு தனிமம் என்று 1810ல் சொன்னவர் ஹம்ப்ரி டேவி. வெளிர் பச்சை என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர்தான் குளோரின் என்று பெயரும் வைத்தார். இந்த வாயு துணியின் நிறத்தை வெளுக்கும் என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் வாயுவை எப்படி மூட்டை கட்டி விற்பது? 1799ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் டென்னன்ட் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கினார். நீற்றிய சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் சுண்ணாம்பு அதை உறிஞ்சிக்கொண்டு வெள்ளைப் பொடியாகிவிடும். அதுதான் பிளீச்சிங் பவுடர்.

அதாவது பிளீச்சிங் பவுடர் என்பது சுண்ணாம்புக்குள் பூட்டி வைத்த குளோரின். நல்ல பவுடரில் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை பயன்படக்கூடிய குளோரின் இருக்கும். கடையில் பாட்டிலில் விற்கும் திரவ பிளீச்சும் இதே குடும்பம்தான். அதில் சுண்ணாம்புக்குப் பதிலாக சோடியம் இருக்கும். பெயர் சோடியம் ஹைப்போகுளோரைட். இரண்டும் காரத்தன்மை உள்ளவை. காரம் இருக்கும் வரைக்கும் குளோரின் உள்ளேயே அடங்கிக் கிடக்கும். ஆசிட் பட்டவுடன் காரம் காலி. பூட்டு திறந்துகொள்ளும். அவ்வளவுதான், இதில் வேறு எந்த ரகசியமும் இல்லை.

1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே ஜெர்மானியப் படை ஆயிரக்கணக்கான சிலிண்டர்களைத் திறந்து 150 டன்னுக்கும் மேல் குளோரினைக் காற்றில் விட்டது. பச்சையும் மஞ்சளும் கலந்த ஒரு மேகம் தரையோடு தரையாக நகர்ந்து பதுங்குகுழிகளுக்குள் இறங்கியது. மேலே போகாமல் குழிக்குள் ஏன் இறங்கியது? குளோரின் காற்றைப் போல் இரண்டரை மடங்கு கனமானது. இந்த ஒரு குணத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் பல உயிர்களைக் காப்பாற்றலாம்.

ஒரு சின்ன கணக்கு

பிளஸ் டூ வேதியியல் படித்தவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

கழுவும்போது 100 மில்லி திரவ பிளீச் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 5 சதவீதக் கரைசல் என்றால் அதில் 5 கிராம் ஹைப்போகுளோரைட். போதுமான ஆசிட் சேர்ந்தால் இதிலிருந்து சுமார் 4.7 கிராம் குளோரின் வரும். அறை வெப்பநிலையில் அதன் பருமன் சுமார் 1.6 லிட்டர்.

பாத்ரூம் 5 அடி அகலம், 6 அடி நீளம், 8 அடி உயரம் என்றால் 240 கன அடி, அதாவது சுமார் 6800 லிட்டர் காற்று. 6800 லிட்டரில் 1.6 லிட்டர் என்றால் பத்து லட்சம் பங்குக்கு 235 பங்கு.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். வேலை செய்யும் இடத்தில் பத்து லட்சத்துக்கு அரைப் பங்குக்கு மேல் குளோரின் இருக்கக்கூடாது என்பது அமெரிக்காவின் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையாஷ் பரிந்துரை. 10 பங்கு வந்துவிட்டாலே அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று அதே நிறுவனம் வரையறுக்கிறது. வந்த குளோரினில் பெரும்பகுதி தண்ணீரிலேயே கரைந்து, பத்தில் ஒரு பங்குதான் காற்றில் கலந்தது என்று வைத்தாலும் 23 பங்கு. வென்டிலேட்டர் சின்னது, கதவு சாத்தியிருக்கிறது, கழுவுகிறவர் குனிந்தோ உட்கார்ந்தோ இருக்கிறார் என்றால்? கனமான வாயு தரையோடுதான் தங்கும். முகமும் அங்கேதான் இருக்கிறது.

சுவாசித்தபின் என்ன நடக்கிறது? கண், மூக்கு, தொண்டை, நுரையீரல் எல்லாமே ஈரமான இடங்கள். குளோரின் அந்த ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகவும் ஹைப்போகுளோரஸ் அமிலமாகவும் மாறுகிறது. மெல்லிய சவ்வு வெந்துபோன மாதிரி ஆகிவிடும். அளவு கூடினால் நுரையீரலின் காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்ளும். சிலருக்கு இது உடனே தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சு முட்ட ஆரம்பிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் பாதிப்பு அதிகம். இதற்கென்று தனியாக முறிவு மருந்து எதுவும் கிடையாது. ஆக்சிஜன் கொடுத்து, மூச்சுக்குழல் விரிய மருந்து கொடுத்து, நுரையீரல் தானாக ஆறும் வரை காப்பாற்றுவதுதான் சிகிச்சை.

ஆசிட் மட்டும்தானா?

இல்லை. பிளீச்சோடு அமோனியா சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு எரிச்சல் வாயு வரும். "எங்கள் வீட்டில் அமோனியா ஏது?" என்று கேட்கலாம். சில கண்ணாடி துடைக்கும் திரவங்களில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, சிறுநீர் நாட்பட்டால் அதில் உள்ள யூரியா அமோனியாவாக மாறும். பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் கண்ணைக் கரிக்கிறதே, அது அமோனியாதான். தண்ணீர் விட்டு அலசாமல் அதன் மேல் நேராக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினால் குளோரமைன் கிளம்பும். நீச்சல் குளத்தில் "குளோரின் வாசனை" என்று சொல்கிறோமே, அதுவும் பெரும்பாலும் குளோரமைன்தான். குளிப்பவர்களின் வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து வருவது. (இனிமேல் அந்த வாசனை வந்தால் குளம் ரொம்ப சுத்தம் என்று நினைக்க வேண்டாம்!)

வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூட அமிலம்தான். கொரோனா வந்த 2020ல் அமெரிக்காவில் ஒரு பெண், வாங்கி வந்த காய்கறிகளைக் கழுவ பிளீச், வினிகர், வெந்நீர் மூன்றையும் ஒரே தொட்டியில் கலந்தார். மூச்சுத்திணறி ஆம்புலன்ஸில் போக வேண்டியதாயிற்று. அந்த நாட்டின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2020 ஏப்ரலில் இதை ஓர் எச்சரிக்கையாக வெளியிட்டது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கிருமிநாசினிகளாலும் சுத்தம் செய்யும் பொருள்களாலும் ஏற்பட்ட பாதிப்புகளுக்காக விஷ ஆலோசனை மையங்களுக்கு வந்த அழைப்புகள் 45,550. முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட இது 20 சதவீதம் அதிகம். பயம் கூடினால் சுத்தம் கூடும், சுத்தம் கூடினால் கலவையும் கூடும்.

2019 நவம்பரில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உணவகத்தின் சமையலறைத் தரையில் அமிலத் திரவமும் பிளீச்சும் கலந்துவிட்டன. தரை பச்சையாக நுரைத்தது. அதைத் துடைத்துத் தள்ள முயன்ற மேலாளர் இறந்துபோனார். அவர் கலக்கியவர் அல்ல, மற்றவர்கள் வெளியேறியபோது சுத்தம் செய்யப் போனவர். "ஓடாதே, சுத்தம் செய்" என்ற பொறுப்புணர்ச்சிதான் அவர் உயிரை வாங்கியது.

இங்கேயும் இல்லாமல் இல்லை. 2021 டிசம்பரில் ஈரோடு மாவட்டம் சித்தோடு பகுதியில் ஒரு ரசாயன ஆலையில் குளோரின் கசிந்து அதன் உரிமையாளரே உயிரிழந்தார். பத்துக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். 2022 ஜூனில் ஜோர்டானின் அகபா துறைமுகத்தில் கிரேன் கயிறு அறுந்து குளோரின் டாங்க் ஒன்று கப்பல் தளத்தில் விழுந்தது. மஞ்சள் மேகம் கிளம்பியதையும் ஆட்கள் ஓடுவதையும் உலகமே வீடியோவில் பார்த்தது. 13 பேர் இறந்தார்கள்.

ஐயங்கார்குளத்தில் குளோரின்

இதெல்லாம் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் உரிய விஷயம் என்று கிராமத்தில் இருப்பவர்கள் நினைக்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தையே எடுத்துக்கொள்வோம். பெயரிலேயே குளம் இருக்கிற ஊர். சஞ்சீவிராயர் கோயில், அதன் பக்கத்தில் தாத சமுத்திரம் என்று சொல்லப்படும் பெரிய நீர்நிலை, கொஞ்சம் தள்ளி பூமிக்குள் படியிறங்கிப் போகும் நடவாவிக் கிணறு. சித்ரா பௌர்ணமிக்கு காஞ்சி வரதராஜப் பெருமாள் அந்தக் கிணற்று மண்டபத்துக்கு எழுந்தருளுவார். அதற்காக முன்கூட்டியே தண்ணீரை இறைத்துவிடுவார்கள். பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஏரி வாரியம் என்று ஒரு குழுவைக் குடவோலை மூலம் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. தண்ணீரை யார் பொறுப்பில் விடுவது என்பதை ஆயிரம் வருடத்துக்கு முன்பே யோசித்த வட்டாரம் இது.

இன்றைக்கு இது மாதிரி ஊர்களில் குடிதண்ணீர் வருவது மேல்நிலைத் தொட்டியிலிருந்து. அதைச் சுத்திகரிப்பது பெரும்பாலும் பிளீச்சிங் பவுடர். அதைக் கையால் அள்ளிப் போடுகிறவர் தொட்டி ஆபரேட்டர். ஊரில் காலராவும் வயிற்றுப்போக்கும் வராமல் இருப்பதற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். ஆகவே "குளோரின் விஷம், வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. குளோரின் இல்லாத தண்ணீரால் இறந்தவர்களின் எண்ணிக்கை குளோரினால் இறந்தவர்களைவிட எத்தனையோ மடங்கு அதிகம். விஷயம் அளவிலும் முறையிலும்தான் இருக்கிறது.

அளவு எவ்வளவு தெரியுமா? நல்ல பவுடர் என்றால் 1000 லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 2.5 கிராம். 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம், அதாவது கிட்டத்தட்ட ஒரு டம்ளர் கூட வராது. பவுடரை நேராகத் தொட்டியில் கொட்டக்கூடாது. பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, மேலும் தண்ணீர் சேர்த்துக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படியும் வரை விட்டு, மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்தால் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும்.

இந்த வேலையில் ஆபத்து மூன்று இடத்தில் இருக்கிறது. முதலாவது, மூட்டை வைக்கும் அறை. பிளீச்சிங் பவுடர் ஈரமும் வெயிலும் பட்டால் தானாகவே குளோரினை விட ஆரம்பிக்கும். ஊராட்சி அறையில் அதே மூலையில் கழிப்பறைக்கு வாங்கிய ஆசிட் கேனும் இருந்தால்? கேன் ஒழுகினால் போதும், பூட்டிய அறைக்குள் வாயு நிரம்பும். காலையில் கதவைத் திறப்பவர் முதல் மூச்சிலேயே மாட்டிக்கொள்வார். இரண்டாவது, பவுடரை அள்ளும் நேரம். தூசி கண்ணிலும் மூக்கிலும் போகும். முகக்கவசம், கண்ணாடி, கையுறை மூன்றும் கொடுக்கப்பட வேண்டியவை.

மூன்றாவது, கிணறும் குழியும். குளோரின் கனமானது என்று பார்த்தோம். கிணற்றில் பவுடர் போட்டுவிட்டு உடனே உள்ளே இறங்குவதும், நிலத்தடித் தொட்டிக்குள் உட்கார்ந்து ஆசிட்டும் பவுடரும் போட்டுச் சுவரைத் தேய்ப்பதும் பதுங்குகுழிக்குள் இருப்பது மாதிரிதான். வீடுகளில் சம்ப் கழுவ ஆளை இறக்கும்போது இதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. வீட்டுக்காரர் மேலே நின்று "அந்த மூலையையும் தேய்ப்பா" என்பார். கீழே இருப்பவருக்கு வாயு போவதற்கு வழியே இல்லை.

மனிதர்கள் மேல் தெளித்த கதை

அளவும் முறையும் மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு 2020 நல்ல உதாரணம். அந்த மார்ச் மாதக் கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய கூலித் தொழிலாளர்களை ரோட்டில் உட்காரவைத்து சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த கரைசலைப் பீய்ச்சி அடித்தார்கள். குழந்தைகளும் இருந்தார்கள். பஸ் கழுவுவதற்கான கரைசல் அது. நாடு முழுக்கக் கண்டனம் எழுந்தது.

அடுத்த சில நாட்களில் தமிழ்நாட்டில், திருப்பூரில் காய்கறிச் சந்தை வாசலில் ஒரு கிருமிநாசினிச் சுரங்கம் வைக்கப்பட்டது. கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தால் மேலிருந்து கரைசல் தூவும். பார்க்க நன்றாக இருந்தது. மற்ற ஊர்களிலும் வரிசையாக வைத்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் சில விநாடித் தூவலில் உடம்புக்குள் இருக்கும் வைரஸ் எதுவும் சாகாது. கண்ணும் தொண்டையும்தான் பாழாகும். தமிழக சுகாதாரத் துறை அந்தச் சுரங்கங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. மத்திய சுகாதார அமைச்சகமும் அதே ஏப்ரலில் மனிதர்கள் மேல் கிருமிநாசினி தெளிப்பதற்கு எதிராக அறிவுறுத்தல் வெளியிட்டது.

வைக்கோல் வாசனையில் வரும் மரணம்

குளோரினாவது நெடியடித்து எச்சரிக்கும். எச்சரிக்காத உறவுக்காரன் ஒருவன் இருக்கிறான். பெயர் ஃபாஸ்ஜீன். 1812ல் ஜான் டேவி (ஹம்ப்ரி டேவியின் தம்பி) கார்பன் மோனாக்ஸைடையும் குளோரினையும் வெயிலில் வைத்துத் தயாரித்தார். வெளிச்சத்தால் பிறந்தது என்பதுதான் பெயரின் பொருள். முதல் உலகப் போரில் விஷவாயுவால் இறந்தவர்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றது குளோரின் அல்ல, இதுதான். போபாலில் 1984 டிசம்பரில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட்டைத் தயாரிக்கப் பயன்பட்ட மூலப்பொருளும் ஃபாஸ்ஜீன்தான். பெருவிபத்துக்கு மூன்று வருடம் முன்பே, 1981 டிசம்பரில், அதே ஆலையில் ஃபாஸ்ஜீன் பட்டு ஒரு தொழிலாளி இறந்திருந்தார்.

இது சாதாரண மனிதர்கள் பக்கம் எப்படி வருகிறது? எண்ணெய்ப் பிசுக்கு நீக்கும் திரவங்கள் பலவற்றில் குளோரின் கலந்த கரைப்பான்கள் உண்டு. ட்ரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன், மெத்திலீன் குளோரைடு போன்றவை. ட்ரை வாஷ் கடையிலும், வண்டி பிரேக் துடைக்கும் ஸ்பிரேயிலும், உதிரிபாகம் கழுவும் தொட்டியிலும் இவை இருக்கலாம். இவை நெருப்பிலோ, சிவக்கக் காய்ந்த இரும்பிலோ, வெல்டிங் ஒளியிலோ பட்டால் சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடும் கொஞ்சம் ஃபாஸ்ஜீனும் வரும். ஒரு காலத்தில் கார்பன் டெட்ராகுளோரைடை தீயணைப்பான்களிலேயே நிரப்பி வைத்திருந்தார்கள். தீயை அணைக்க அடித்தால் அறைக்குள் ஃபாஸ்ஜீன்! அதனால்தான் அவை கைவிடப்பட்டன. ஓசோன் படலத்தைக் கெடுக்கும் காரணத்துக்காக, மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இந்தியா 2010 முதல் கார்பன் டெட்ராகுளோரைடைக் கரைப்பானாகப் பயன்படுத்துவதையும் நிறுத்தியது.

உத்திரமேரூர் பக்கத்து ஐ.டி.ஐ. மாணவர்களில் எத்தனையோ பேர் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இது பாடப்புத்தக விஷயம் அல்ல. பிசுக்குத் துடைத்த பாகத்தை நன்றாக உலரவிடாமல் வெல்டிங் வைக்கக்கூடாது. ஃபாஸ்ஜீனுக்குப் புதிதாக அறுத்த புல்லின், வைக்கோலின் வாசனை என்பார்கள். களத்துமேட்டில் வளர்ந்த பையனுக்கு அந்த வாசனை பயத்தைத் தராது, ஊர் ஞாபகத்தைத்தான் தரும்! அந்த வாசனை மூக்குக்குத் தெரியும்போதே காற்றில் அதன் அளவு பாதுகாப்பு எல்லையைப் போல் பல மடங்கு ஆகியிருக்கும். அப்போது லேசான இருமலோடு போய்விடும். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்தபின், சில சமயம் ஒரு நாள் கழித்துக்கூட, நுரையீரலில் நீர் கோக்கும்.

எரிக்கும் குப்பை

மூன்றாவது வழி நெருப்பு. தண்ணீர்க் குழாய், ஒயர் மேலுறை, ரெக்சின், பேனர் எல்லாம் பி.வி.சி. அதன் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 சதவீதம், குளோரின். எரித்தால் முதலில் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அரைகுறையாக எரிகிற குப்பையில் டையாக்ஸின்கள் என்ற நச்சுகளும் உருவாகும். 1976ல் இத்தாலியின் செவெசோ ஊரில் ஒரு ஆலையிலிருந்து வெளிவந்து உலகத்தையே பயமுறுத்தியது இந்தக் குடும்பத்தின் மிக மோசமான உறுப்பினர்தான். டையாக்ஸின் கொழுப்பில் தங்கும். புல்லில் படிந்து, மாட்டுக்குப் போய், பாலில் இறங்கி, மனித உடம்பில் பல வருடம் இருக்கும்.

சென்னை பெருங்குடி குப்பைக் கிடங்கைச் சுற்றி வாழும் தாய்மார்களின் தாய்ப்பாலை ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். 2004ல் வெளியான அந்த ஆய்வில், மற்ற பகுதித் தாய்மார்களைவிட இவர்கள் பாலில் டையாக்ஸின் வகை நச்சுகள் அதிகம் இருந்தன. கிடங்கில் மேயும் மாடுகளின் பால் ஒரு வழியாக இருக்கலாம் என்று அவர்கள் சந்தேகித்தார்கள். போகிக்கு டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துவதும், காயலான் கடையில் போடுவதற்காக ஒயரை எரித்துச் செம்பு எடுப்பதும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேருகின்றன. பழையன கழியட்டும், ஆனால் அது அடுத்தவர் மூச்சிலும் பிள்ளையின் பாலிலும் போய்ப் புகவேண்டுமா?

லேபிளில் இரண்டு வார்த்தை

ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் வீட்டில் பிளீச்சும் அமிலக் கழுவியும் கலந்து இல்லத்தரசிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே ஒரு ஏற்பாடு வந்தது. குளோரின் வகை பாட்டிலிலும் அமில வகை பாட்டிலிலும் முன்பக்கத்திலேயே பெரிய எழுத்தில் "கலக்காதே, ஆபத்து" என்ற பொருளில் அவர்கள் மொழியில் அச்சிட்டிருக்கும். பள்ளிக் குழந்தைக்குக்கூட அந்த வாசகம் தெரியும்.

இங்கே எப்படி? பாட்டிலின் பின்பக்கத்தில் எறும்பு அளவு எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதுவும் கம்பெனி பாட்டிலாக இருந்தால். சைக்கிளில் கொண்டு வந்து விற்கும் ஆசிட்டும் ஃபினாயிலும் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் வரும். லேபிளே கிடையாது. பள்ளிக்கூடக் கழிப்பறையையும் ஆஸ்பத்திரித் தரையையும் கல்யாண மண்டபத்தையும் கழுவுகிற அம்மாக்களிடம் இந்தப் பாட்டில்களைக் கொடுத்து "நல்லா கழுவிடும்மா" என்று மட்டும் சொல்கிறோம். எது ஆசிட், எது பிளீச், எதை எதோடு சேர்க்கக்கூடாது என்று ஒருவரும் சொல்வதில்லை. அவருக்கு வருடக்கணக்கில் இருக்கும் இருமலுக்கு "அவளுக்கு ஆஸ்துமா" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

ஆகவே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியவை இவ்வளவுதான்:

- ஒரு நாளில், ஒரு இடத்தில், ஒரே ஒரு பொருள். ஆசிட் போட்டால் அன்றைக்கு பிளீச் வேண்டாம். அவசியம் என்றால் நிறைய தண்ணீர் விட்டு அலசி, நன்றாகக் காய்ந்த பிறகு.
- பிளீச்சோடு ஆசிட், வினிகர், அமோனியா, ஸ்பிரிட், சானிடைசர் எதையும் சேர்க்காதீர்கள். தண்ணீர் மட்டும் போதும்.
- கழுவும்போது கதவும் ஜன்னலும் திறந்திருக்கட்டும். ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.
- தெரியாமல் கலந்து நெடி கிளம்பிவிட்டால் துடைக்க நிற்காதீர்கள். அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். திறந்தவெளியில் மேடான பக்கமாக, காற்று வருகிற திசை நோக்கிப் போங்கள்.
- கண்ணைச் சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். கரைசல் பட்ட துணியை மாற்றுங்கள்.
- மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், நிற்காத இருமல் இருந்தால் 108. "இப்ப சரியாயிடுச்சு" என்று தூங்கப் போகாதீர்கள். டாக்டரிடம் எதையும் எதையும் கலந்தீர்கள் என்று சொல்லுங்கள்.
- குழிக்குள், கிணற்றுக்குள், சம்ப்புக்குள் ஒருவர் மயங்கினால் காப்பாற்ற அப்படியே குதிக்காதீர்கள். தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

சட்டம் வந்து எல்லா பாட்டிலிலும் தமிழில் பெரிய எழுத்து அச்சடிக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு மார்க்கர் பேனா, ஒரு துண்டு ஸ்டிக்கர் போதும். வீட்டில் இருக்கிற ஆசிட் பாட்டிலில் "ஆசிட் - கலக்காதே" என்றும், பிளீச் டப்பாவில் "பிளீச் - கலக்காதே" என்றும் எழுதி ஒட்ட இரண்டு நிமிடம் ஆகும். படிக்கத் தெரியாதவருக்கு ஒன்றில் சிவப்பு நாடா, மற்றதில் நீல நாடா கட்டி, "சிவப்பும் நீலமும் சேரக்கூடாது" என்று வாயால் சொன்னால் போதும். வீடு முடிந்தால் பள்ளிக்கூடம், ஹாஸ்டல், ஊராட்சி அலுவலகத்தின் அந்த மூலை அறை. அங்கே கழுவுகிறவரின் பெயர் பல பேருக்குத் தெரிந்திருக்காது. அதையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவரிடமே சொல்லிவிட்டு வரலாம்.